கீசரைக் குளிக்கும் முன் மட்டும் போடுங்கள்

குளிர்காலத்தில் கீசரை நாள் முழுக்க ஆனிலேயே விட்டு வைக்காதீர்கள். குளிக்கப் போவதற்குச் சுமார் கால் மணி நேரம் முன்பு போட்டு, வெந்நீர் தயாரானதும் அணைத்துவிடுங்கள். வீட்டில் எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்தால் மின்சாரம் இன்னும் மிச்சம்.

காரணம் இதுதான்: தொட்டியில் நிற்கும் வெந்நீர் மெல்ல ஆறும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஹீட்டரைப் போட்டு அதை மறுபடி சூடாக்கும். யாரும் குழாயைத் திறக்காதபோதே சிவப்பு விளக்கு தானாக எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரமெல்லாம் மீட்டர் ஓடுகிறது. 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடாக்க ஏறக்குறைய அரை யூனிட் போதும், 2000 வாட் கீசர் அதை 16 நிமிடத்தில் முடித்துவிடும். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீரே சில்லென்று வருவதால் செலவு எப்படியும் கூடத்தான் செய்யும். அதற்கு மேல் வீணாவதையாவது நிறுத்தலாமே.

தொட்டி இல்லாத இன்ஸ்டன்ட் கீசருக்கு இது பொருந்தாது. பல வீடுகளுக்குப் பொதுவான பெரிய தொட்டி என்றாலும் இப்படி அணைத்து அணைத்துப் போட வேண்டாம். வெதுவெதுப்பாகவே தேங்கும் நீரில் லீஜியோனெல்லா கிருமி வளரும், தொட்டி நீரை 60 டிகிரியில் வைத்திருப்பதே பாதுகாப்பு.