பாஸ்டியனையும் டிரான்சிஸ்டரையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூப்பர்ஜயன்ட் கேம்ஸ் என்ற சிறிய வீடியோ கேம் ஸ்டூடியோ 2011-இல் பாஸ்டியனையும் 2014-இல் டிரான்சிஸ்டரையும் வெளியிட்டது. சாய்கோணத்தில் மேலிருந்து பார்க்கும் காட்சி, ஜென் ஸீயின் ஓவியம், டேரன் கோர்பின் இசை, லோகன் கன்னிங்ஹாமின் குரல் என இரண்டு ஆக்‌ஷன் ஆர்பிஜி (சண்டையிட்டபடி கதைமாந்தரின் திறன்களை வளர்த்துச் செல்லும் வகை) விளையாட்டுகளுக்கும் பொதுவானவை ஏராளம். ஒப்பிட்டு எழுத முற்படுபவரை வழிதவறச் செய்வதும் இந்த ஒற்றுமைகளே. பின்னால் வந்ததை முன்னதன் அடுத்த பாகம் போலக் கருதிக்கொண்டு, பாஸ்டியனுக்குரிய அளவுகோலையே அதன்மீதும் வைத்து, சண்டை மந்தமாக இருக்கிறது, கதை பிடிபடவில்லை என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். இரண்டின் உலகங்களுக்கும் கதைமாந்தர்களுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

பெரும்பாலான ஒப்பீடுகள் சறுக்குவது சண்டையைப் பற்றிப் பேசும் இடத்தில்தான். பாஸ்டியனில் நாயகனான சிறுவன் இரண்டு ஆயுதங்களையும் ஒரு சிறப்புத் திறனையும் மட்டுமே ஒரு நேரத்தில் ஏந்த முடியும்; அடி விழும் கணத்தில் கேடயத்தை உயர்த்துவதும், உருண்டு விலகுவதும், வில்லின் நாணை முழுமையாக இழுத்துச் சரியான நொடியில் விடுவதும் கைப்பழக்கத்தால் வருபவை. அந்தப் பழக்கத்தோடு டிரான்சிஸ்டருக்குள் நுழைபவர், எதிரியைக் கண்டதும் பொத்தானை அழுத்தி அடித்துக்கொண்டே இருக்கிறார். நாயகி ரெட்டின் அசைவுகள் அதற்கு ஈடுகொடுக்காததால் விளையாட்டின் மீது குறை சொல்கிறார். ஆனால் அங்கே சண்டையின் மையம் 'டர்ன்' என்னும் ஏற்பாடு. அதை இயக்கியதும் களம் உறைந்து நிற்கும். எங்கே நகர்வது, யாரை எதனால் தாக்குவது என்பதை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தலாம். ஒவ்வொரு செயலும் திரையின் மேலேயுள்ள பட்டையில் ஒரு பங்கை விழுங்கும். நிறைவேற்றச் சொன்னதும் அத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்தேறும். அதன்பின் பட்டை நிரம்பும்வரை, ஒரு சில விதிவிலக்குகளைத் தவிர, ரெட்டினால் எதையும் பயன்படுத்த முடியாது. ஆகவே திட்டத்தின் கடைசி அடியாக ஒரு சுவருக்குப் பின்னால் போய் ஒதுங்குவதற்கும் பட்டையில் இடம் விட்டுவைக்க வேண்டும். திறந்த வெளியில் நின்றபடி கடைசித் துளி வரை தாக்குதலுக்கே செலவழித்துவிட்டு, அடுத்த நொடியில் அடிவாங்குபவர் அதை வடிவமைப்பின் குறை என்று எழுதுவது நியாயமாகாது.

இரண்டாவது தவறை நானும் செய்திருக்கிறேன். முதல் முறை டிரான்சிஸ்டரை விளையாடியபோது, தொடக்கத்திலேயே கிடைக்கும் கிராஷ், பிரீச் ஆகிய இரண்டு ஃபங்ஷன்களை, அதாவது ரெட் பயன்படுத்தும் திறன்களை, பிடித்துக்கொண்டே பாதித் தூரம் போய்விட்டு, பாஸ்டியனில் இருந்த அளவுக்கு ஆயுத வகைகள் இதில் இல்லை என்று நண்பர்களிடம் அலுத்துக்கொண்டேன். இதில் மொத்தம் 16 ஃபங்ஷன்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் நேரடித் தாக்குதலாகவோ, வேறொன்றுக்கு மேம்பாடாகவோ, பின்னணியில் இயங்கும் துணையாகவோ பொருத்தலாம். ஜான்ட் என்பதை நேரடியாக வைத்தால் ரெட் பாய்ந்து விலகுவார். வேறொரு ஃபங்ஷனுக்கு மேம்பாடாக வைத்தால் டர்ன் முடிந்து பட்டை நிரம்பும் இடைவெளியிலும் அதைப் பயன்படுத்தலாம். துணையாக வைத்தால் பட்டையே விரைவாக நிரம்பும். ஆக, ஆயுதங்களின் எண்ணிக்கையை அருகருகே எழுதி எது அதிகம் என்று பார்ப்பதில் பொருளே இல்லை. போதாக்குறைக்கு, உயிர்ப்பட்டை தீர்ந்தால் நேரடி இடத்தில் இருக்கும் ஃபங்ஷன்களுள் ஒன்று சிறிது காலத்துக்குச் செயலிழந்துபோகும். இதை வெறும் தண்டனை என்று நினைத்து முந்தைய சேமிப்புக்குத் திரும்பிவிடுபவர்கள், கைவசம் எஞ்சியவற்றைக் கொண்டு புதிய சேர்க்கையைக் கண்டறியும் வாய்ப்பைத் தாமே இழக்கிறார்கள். ஒவ்வொரு ஃபங்ஷனும் கதையில் வரும் ஒருவரிடமிருந்து வந்தது என்பதும், மூன்று வகையிலும் பொருத்திப் பார்த்தால்தான் அவரைப் பற்றிய குறிப்பு முழுமையாகத் திறக்கும் என்பதும் இதோடு சேர்ந்தவை. கதை புரியவில்லை என்று சொல்பவர்களிடம் எத்தனை குறிப்புகளைத் திறந்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

எது கடினம் என்ற விவாதத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். சவாலைக் கூட்டிக்கொள்ள உதவும் அமைப்புகளான பாஸ்டியனின் 10 தெய்வச் சிலைகளையும் டிரான்சிஸ்டரின் லிமிட்டர்களையும் தொடாமலேயே விளையாடிவிட்டு, இரண்டும் எளிது என்றோ ஒன்று மற்றதைவிட எளிது என்றோ சொல்வது அரைகுறை ஒப்பீடு. சவாலை ஏற்றிக்கொண்டால் அனுபவப் புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும் என்ற பேரம் இரண்டிலும் உண்டு.

குரலைப் பற்றிய தவறு நுட்பமானது. பேசுபவர் ஒரே நடிகர் என்பதால், கதைசொல்லி என்ற ஒரே உத்தி இருமுறை கையாளப்பட்டிருப்பதாகப் பலர் எழுதுகிறார்கள். பாஸ்டியனின் ரக்ஸ் ஒரு கிழவர். சிறுவன் செய்வதைப் படர்க்கையில், நடந்துமுடிந்த கதையாக இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவர் எதை மறைக்கிறார் என்பதும் கதையின் ஒரு பகுதி. டிரான்சிஸ்டரில் குரல் வருவது ரெட் இழுத்துச் செல்லும் வாளுக்குள்ளிருந்து. அது அவரிடமே, முன்னிலையில், அந்தந்தக் கணத்தில் பேசுகிறது. பாடகியான ரெட்டோ குரலை இழந்தவர். வழியில் உள்ள கணினி முனையங்களில் அவர் எதையோ தட்டச்சு செய்கிறார், நிறுத்துகிறார், அழிக்கிறார், வேறொன்றை எழுதுகிறார். அழித்த அந்த வரியை வாசிக்காமல் வேகமாகக் கடந்துவிட்டு, நாயகிக்கு ஆளுமையே இல்லை என்று எழுதிய விமர்சனங்களை நான் வாசித்திருக்கிறேன்.

இசையையும் தனித் தொகுப்பாகக் கேட்டு மதிப்பெண் போடக் கூடாது. பாஸ்டியனில் ஸியா என்ற பெண்ணைக் காணும் முன்பே அவளுடைய பாடல் காதில் விழுகிறது. இடிந்த பாதையில் அடியெடுத்து வைக்க வைக்க அது நெருங்கி வருகிறது. டிரான்சிஸ்டரில் டர்னை இயக்கியதும் பின்னணி இசை தண்ணீருக்குள் கேட்பதுபோல் மங்கி, அதே மெட்டை ரெட் முணுமுணுப்பது மேலெழுகிறது. சண்டை இல்லாத நேரத்திலும் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் அவர் நின்ற இடத்திலேயே முணுமுணுப்பார். அதனால் ஒரு புள்ளியும் கிடைக்காது. பயனற்ற பொத்தான் என்று கடந்துவிடாமல், ஒருமுறையேனும் விரலை எடுக்காமல் நின்று கேட்டுவிட்டு எழுதத் தொடங்கலாம்.