78 சூறாவளியை ஆவணப்படமாக எடுக்க நினைப்பவர்களுக்கு

1978 நவம்பர் 23, வியாழக்கிழமை இரவு மட்டக்களப்பைச் சூறாவளி அடித்துப் போட்டபோது இலங்கையில் தொலைக்காட்சியே கிடையாது. ஐ.ரி.என். 1979 ஏப்ரலில்தான் வந்தது, ரூபவாஹினி 1982 பெப்ரவரியில். அதனால் ஆயிரத்தை ஒட்டிய உயிர்களைக் கொண்டுபோன, தென்னந்தோட்டங்களை அடியோடு சாய்த்த அந்த இரவை 2004 சுனாமியைப் போல டிவியில் திரும்ப ஓடவிட்டுப் பார்க்க வழியில்லை. அது இருப்பது ஆட்களின் ஞாபகத்தில். அன்று 20 வயதில் இருந்தவர் இன்று 65ஐத் தாண்டிவிட்டார்.

டிவியில் நல்ல ஆவணப்படம் ஒன்று போகும்போது "எங்கட ஊரைப் பற்றி இப்படி ஒன்று இல்லையே" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். நீங்களே எடுங்கள். ஓரளவு நல்ல போன், சட்டையில் குத்துகிற மைக் ஒன்று, நிறையப் பொறுமை, இவ்வளவு போதும். நான் 78ஐ வைத்துத்தான் சொல்லப்போகிறேன், ஆனால் கல்லோயாக் குடியேற்றமோ, வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போன பெண்களோ, நுண்கடனோ, எதை எடுத்தாலும் வேலை பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

முதலில் விஷயத்தைச் சுருக்குங்கள். அரை மணித்தியால நிகழ்ச்சியில் விளம்பரம் போக 22, 23 நிமிடம்தான் மிஞ்சும். அதற்குள் மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர். பன்னிரண்டு பேரைப் போட்டு ஆளுக்கு ஒரு வசனம் பேசவைத்தால் யாரையும் பார்த்த மாதிரி இருக்காது. ஒரு தெரு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு தோணித்துறை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மூன்று நான்கு பேரும் ஒரே வட்டத்து ஆட்களாக இருக்கக் கூடாது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் கடலோரத்தில் இருந்தவர் ஒருவர், மேற்கே படுவான்கரையில் வயல்பக்கம் இருந்தவர் ஒருவர். முஸ்லிம் ஊரான காத்தான்குடியும் தமிழ் ஊரான ஆரையம்பதியும் ஒட்டிக்கிடக்கிற ஊர்கள், ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டால் அந்த இரவில் பாதி படத்தில் இல்லாமல் போய்விடும். நம்முடைய பக்கத்துப் படங்களில் நான் அடிக்கடி பார்க்கிற பெரிய குறை இதுதான்.

ஆளைத் தெரிவு செய்தபிறகு முதல் தடவை கமரா இல்லாமல் போங்கள். அவருடைய பேரப்பிள்ளையையோ தெரிந்த அயலவரையோ கூட்டிக்கொண்டு போனால் நல்லது. அவரை வீட்டில் பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே கூப்பிடுங்கள், அம்மம்மா என்றால் அம்மம்மா, மூத்தவாப்பா என்றால் மூத்தவாப்பா. தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். இங்கே முக்கியமான ஒரு விஷயம்: அவர் அந்த இரவின் கதைக்குள் இறங்கத் தொடங்கினால் மெதுவாக வேறு பக்கம் திருப்புங்கள். ஏனென்றால் முதல் முறை சொல்லும்போது வருகிற உயிர் இரண்டாவது முறை வராது, "அண்டைக்குச் சொன்னன்தானே மனே" என்று சுருக்கிவிடுவார்கள். அன்றைக்குக் கேட்க வேண்டியது சுற்றுவட்டாரம்தான்: வீடு எந்த இடத்தில் இருந்தது, கூரை ஓடா கிடுகா, வீட்டில் யார் யார், அடுத்த வீட்டில் யார்.

திகதியையும் சரிபாருங்கள். வயதானவர்கள் வருடத்தைச் சொல்வதில்லை, பெருநாளையும் திருவிழாவையும் வைத்துத்தான் சொல்வார்கள். அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் நவம்பர் 10ஐ ஒட்டி வந்தது, ஆகவே "பெருநாள் முடிஞ்சு ரெண்டு கிழமையால" என்று ஒருவர் சொன்னால் கணக்குச் சரி. சிலருக்கு 1957 வெள்ளமும் 78உம் ஒரே கதைக்குள் கலந்து வரும். திருத்திச் சண்டை பிடிக்க வேண்டாம். "அப்ப உங்களுக்குக் கலியாணம் முடிஞ்சிருந்ததா, மூத்த பிள்ளை பிறந்திட்டாவா?" என்று கேட்டால் அவரே பிரித்துச் சொல்லிவிடுவார்.

பேட்டிக்குக் கேள்வி எழுதிக்கொண்டு போவதில் தவறில்லை, ஆனால் "எப்படி உணர்ந்தீர்கள்?" என்ற கேள்வியைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். அதற்கு "பயமாத்தான் இருந்துது" என்பதைத் தவிர என்ன பதில் வரும்? கண், காது, கை போன கேள்விகளாகக் கேளுங்கள். அன்று பின்னேரம் வானம் என்ன நிறம்? அடுப்பில் என்ன இருந்தது? முதலில் கேட்ட சத்தம் எது? பிள்ளைகளை எதற்குக் கீழே படுக்கவைத்தீர்கள்? "கூரை போயிட்டு" என்று முடித்தால் "எந்த மூலையில முதல்ல கிளம்பிச்சு?" என்று கேளுங்கள், "முதல்ல கிடுகு பறந்திச்சு, மறுகா வளை முறியிற சத்தம்" என்கிற மாதிரி அடுக்கடுக்காக வரத் தொடங்கும். பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குப் பாயாமல் கொஞ்சம் சும்மா இருங்கள். பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் படத்துக்கு வேண்டிய வசனம் வரும். பேட்டித் தமிழுக்கு அவரை இழுக்காதீர்கள், அவர் கதைக்கிறபடியே கதைக்கட்டும்.

78ஐ எடுப்பவர்கள் கேட்டே ஆகவேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, நடுவில் நின்றதா? நம்முடைய பக்கத்தில் சூறாவளி இடஞ்சுழியாக, மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். கடலிலிருந்து மேற்கே நகர்ந்து வரும்போது, அதன் கண், அதாவது நடுமையம், நேரே கடந்துபோன ஊரில் முதலில் வடக்குப் பக்கமிருந்து அடிக்கும், அப்புறம் திடீரென்று அமைதி, பிறகு தெற்கிலிருந்து திரும்ப அடிக்கும். பாதைக்கு வடக்கே இருந்த ஊருக்குக் காற்று கடல்பக்கமிருந்து வரும், தெற்கே இருந்த ஊருக்குத் தரைப்பக்கமிருந்து வரும். ஆகவே "கொஞ்ச நேரம் ஒரு அசுமாத்தமும் இல்ல, முடிஞ்சுது எண்டு வெளியில வந்தம், மறுகா மற்றப் பக்கத்தால வந்திச்சு" என்று ஒருவர் சொன்னால் அவர் கண்ணுக்குள் நின்றிருக்கிறார். தென்னைகள் எந்தத் திசைக்குத் தலைவைத்து விழுந்தன என்றும் கேளுங்கள். நான்கைந்து ஊர்களில் கேட்டு ஒரு வரைபடத்தில் அம்புக்குறி போட்டால், ஊர்ச்சனங்களின் வாய்ச்சொல்லை வைத்தே சூறாவளியின் பாதையைத் திரையில் காட்டலாம். எந்தப் பெரிய சனலும் வெளியிலிருந்து வந்து இரண்டு நாளில் இதை எடுக்க முடியாது.

இனிச் சத்தம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் சனம் பொறுக்கும், பேச்சு விளங்காவிட்டால் மாற்றிவிடும். மைக்கைச் சட்டையில் அல்லது சேலைத் தலைப்பில், நாடிக்குக் கீழே ஒரு சாண் தள்ளிக் குத்துங்கள், அதை இன்னொரு போனில் இணைத்துத் தனியாகப் பதியுங்கள். தொடக்கத்தில் கமராவுக்கு முன் ஒருமுறை கைதட்டினால் பிறகு எடிட் பண்ணும்போது இரண்டையும் பொருத்துவது சுலபம். இரண்டு போனும் ஏரோபிளேன் மோடில் இருக்க வேண்டும். மின்விசிறியையும் பிரிட்ஜையும் நிறுத்துங்கள். பிரிட்ஜைத் திரும்பப் போட மறக்காமலிருக்க உங்கள் மோட்டார்சைக்கிள் திறப்பை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். ஆனி ஆடியில் கச்சான் காற்று கிளம்பினால் முற்றத்தில் பேட்டி எடுக்கவே வேண்டாம். பாண் ஓட்டோவின் இசை, கோயில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல் பாங்கு, எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு, வீட்டுக்காரரிடமே கேட்டால் சொல்வார். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு போனால் கட்டாயம் நிறுத்திக் காத்திருங்கள், அது பேச்சுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் காப்புரிமைப் பிரச்சினை வரும். முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த அறையின் சத்தத்தை அரை நிமிடம் பதிந்துகொள்ளுங்கள், வெட்டி ஒட்டுகிற இடங்களை மூட அது வேண்டும்.

கமராவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. போனைக் கிடையாகப் பிடியுங்கள், ஸ்டாண்டில் வையுங்கள், அவருடைய கண்மட்டத்தில். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் விடாமல் ஒரு பக்கமாக விடுங்கள். நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர் 50இல் ஒன்று என்று வைத்தால் டியூப் லைட் துடிக்காது. வெளியில் எடுப்பதைக் காலை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு வெயில் முகத்தைச் சுடும். ட்ரோன் ஆசை இருந்தால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி எடுத்துவிட்டுப் பறக்கவிடுங்கள்.

பழைய படம் தேடும்போது கடற்கரை ஊர்களில் ஏமாற்றம் இருக்கும். சூறாவளியில் தப்பிய அல்பங்களையும் சுனாமி கொண்டுபோய்விட்டது. கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஊர்ப்பக்கம் போங்கள், கொக்கட்டிச்சோலை, மண்டூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர் வீடுகளில் கலியாணப் படங்களுக்கிடையில் கிடைக்கலாம். படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்துப் படமெடுங்கள், திகதியும் ஸ்டூடியோ முத்திரையும் அங்கேதான் இருக்கும். வீரகேசரி, தினகரன் பழைய இதழ்களுக்குக் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது, ஊர்க் கோயில் மலர்களுக்கும் பாடசாலை மலர்களுக்கும் இணையத்தில் "நூலகம்" (noolaham.org) என்ற மின்னூலகம் இருக்கிறது. ஒருவர் "எங்கட ஊரில ஐநூறு பேர்" என்றால் அதை வெட்ட வேண்டாம், அது அவர் கண்ட இரவு. பதிவில் உள்ள எண்ணிக்கையைப் பின்னணிக் குரலில் தனியாகச் சொல்லுங்கள்.

சம்மதத்தை எழுத்தில் வாங்குவதோடு கமராவிலும் வாங்குங்கள். எங்கே போடப்போகிறோம், டிவியிலா யூடியூப்பிலா, வெளிநாட்டில் இருப்பவர்களும் பார்ப்பார்கள் என்று விளங்கச் சொல்லி, பிறகு கேளுங்கள். அழத் தொடங்கினால் முகத்தை நோக்கி ஸூம் போகாதீர்கள். நிறுத்துவோமா என்று கேளுங்கள், நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். 78 பற்றிப் பேசும்போதே கதை யுத்தகாலத்து 1990க்கு வழுக்கிப் போகும், நம்முடைய பக்கத்தில் அது இயல்பு. காணாமல் போனவர்களைப் பற்றியோ கொலைகளைப் பற்றியோ அவர் பேசினால் கேளுங்கள், மரியாதையோடு கேளுங்கள், ஆனால் அந்தப் பகுதியைப் படத்தில் சேர்ப்பதா என்று பிறகு ஒருநாள் தனியாகப் போய் மறுபடி கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். அவர் வாயில் வந்த பெயர்களால் இன்றைக்கும் யாருக்காவது ஆபத்து வரலாம். அவருக்கே வரலாம். ஒரு படத்துக்காக அந்த ஆபத்தை அவர் தலையில் ஏற்ற நமக்கு உரிமை இல்லை.

எடிட்டிங்கில் பேச்சை முதலில் அடுக்குங்கள், காட்சியைப் பிறகு போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே கதை விளங்க வேண்டும். சோக இசையை அள்ளிப் போடாதீர்கள். இசை வேண்டுமென்றால் ஊரில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவரைக் கேட்டு மத்தளமும் சல்லாரியும் பதிந்து, அவருக்குக் காசும் கொடுத்து, பெயரும் போடுங்கள்.

வசந்தம், நேத்ரா, சக்தி போன்ற தமிழ் சனல்களுக்குக் கொண்டுபோவதற்கு முன், பேசியவர்களின் வீட்டுக்குப் போய்ப் போட்டுக் காட்டுங்கள். "இது நான் சொன்ன மாதிரி இல்ல" என்றால் திருத்துங்கள். குடும்பத்துக்கு ஒரு பென் டிரைவில், அவருடைய வெட்டாத முழுப் பேட்டியையும் சேர்த்துக் கொடுங்கள். உங்களுடைய மூலப் பதிவுகளை மூன்று இடங்களில் வையுங்கள், அதில் ஒன்று வேறு மாவட்டத்தில் இருக்கட்டும், கோப்பின் பெயரில் ஊர், ஆள், திகதி மூன்றும் இருக்கட்டும். 22 நிமிடத்துக்குள் அடங்கவில்லை என்று எதையும் அழிக்க வேண்டாம். அந்தக் காலத்துத் தோணி, வயல், கலியாணம், கூத்து எல்லாம் அந்த மிச்சப் பதிவில்தான் கிடக்கும், அடுத்த படத்தை எடுக்கப்போகிறவர் உங்களிடம் வந்து கேட்பார்.