கடலுக்கடியில் படம் எடுக்க ஸ்ட்ரோப் வாங்குகிறீர்களா?

மதுரையிலிருந்து மூன்று மணி நேரத்தில் மண்டபம் போய்விடலாம். ஆனால் மன்னார் வளைகுடாத் தண்ணீர் பல நாள் கலங்கலாகவே இருக்கும். அதை மனதில் வைத்து ஸ்ட்ரோப், அதாவது தண்ணீருக்குள் பயன்படும் தனி ஃப்ளாஷ், வாங்குங்கள்.

5 மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு நிறம் பெருமளவு மங்கிவிடும். பவளமும் மீனும் நீலச்சாம்பலாகத் தெரியும். அந்த நிறத்தை மீட்கத்தான் ஸ்ட்ரோப். பெட்டியில் போட்டிருக்கும் கைடு நம்பரை, அதாவது ஃப்ளாஷின் பவரைக் காட்டும் எண்ணை, மட்டும் நம்பாதீர்கள். அது பெரும்பாலும் காற்றில் அளந்தது. தண்ணீருக்குள் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வைடு லென்ஸ் என்றால் ஒளி விரியும் கோணம் 100 டிகிரியாவது வேண்டும்.

என் கணக்கில் பவரைவிட முக்கியம், ஸ்ட்ரோப்பைக் கேமராவோடு இணைக்கும் கை, அதாவது ஆர்ம். ஸ்ட்ரோப் லென்ஸை ஒட்டியே இருந்தால் மிதக்கும் தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளியாகப் படத்தில் விழும். இரண்டு மடிப்பு ஆர்ம் வாங்கி, ஸ்ட்ரோப்பைத் தள்ளி வைத்து, சற்று வெளிப்புறமாகத் திருப்புங்கள். நான் இதைப் பழகியது அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில். பச்சைத் தண்ணீரில் என் உள்ளங்கையையே படம் எடுத்துப் பார்த்தேன். ஸ்ட்ரோப்பை ஒரு சாண் தள்ளியதும் புள்ளிகள் பாதி மறைந்தன.

கேமராவில் ஃப்ளாஷ் இருந்தால், அதன் ஒளியைக் கடத்தி ஸ்ட்ரோப்பை இயக்கும் ஃபைபர் கேபிள் போதும். மின்கம்பிக்காகக் கேமராவின் நீர்ப்புகா உறையில் துளை வேண்டாம் என்பதால், தண்ணீர் புகும் வழி ஒன்று குறையும். தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான பேட்டரி மூடியின் ஓ-ரிங்கை ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலே உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.