டசின்: கடைக் கணக்கிலும் ஆங்கிலக் கடிதத்திலும் பிழையின்றிக் கையாளும் முறை

டசின் என்றால் பன்னிரண்டு என்பதை ஆரம்பப் பாடசாலைப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆயினும் அந்தச் சொல் ஒரு விலைப்பட்டியலில் நிற்கும்போது ஒரு பொருளும், ஆங்கிலக் கடிதத்தில் சற்றே உருமாறி நிற்கும்போது வேறொரு பொருளும் தருகிறது. விலைப்பட்டியலில் அது ஒன்று கூடவோ குறையவோ இடந்தராத எண். கடிதத்திலோ சில வேளைகளில் ‘நிறைய’ என்பதற்கு மேல் எதையும் சொல்லாத பேச்சு. இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வது வவுனியாவிலிருந்து சரக்கு எடுத்து ஊரில் கடை நடத்துபவருக்கும், பனையோலைப் பொருட்கள் செய்து வெளியூருக்கு அனுப்பும் பெண்கள் குழுக்களுக்கும், சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலம் படிக்கும் மாணவருக்கும் ஒருபோலத் தேவையானது.

பன்னிரண்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. வணிகர்கள் பத்தை விட்டுப் பன்னிரண்டைப் பிடித்துக்கொண்டதற்குத் தகுந்த காரணம் உண்டு. பத்தை இரண்டாகவும் ஐந்தாகவும் மட்டுமே மீதியின்றிப் பங்கிடலாம். பன்னிரண்டையோ இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் ஆறாகவும் பங்கிடலாம். எனவே அரை டசின் ஆறு, கால் டசின் மூன்று என்று எந்தப் பொருளையும் உடைக்காமல் விற்க முடிகிறது. பிரித்தானியாவில் 1971 பெப்ரவரி 15 வரை ஒரு சிலிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ் இருந்தது. கிளிநொச்சியின் தச்சுப் பட்டறைகளில் இன்றும் பேசப்படும் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பதும் இதே வழக்கத்தைச் சேர்ந்ததுதான்.

எல்லாப் பொருளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்பதை முதலில் மனதிற்கொள்ள வேண்டும். வன்னியில் வாழைப்பழம் கிலோவிலும் நெல் மூட்டையிலும் விற்கப்படுகின்றன. தேங்காயைத் தனித்தனியாக எண்ணுகிறோம். முட்டை கடையில் ஒவ்வொன்றாக விற்கப்பட்டாலும், மொத்தமாக வரும் தட்டு முப்பது முட்டை கொண்டது. அதாவது இரண்டரை டசின். ஆங்கிலப் பாடநூலில் முட்டையும் டசினும் எப்போதும் சேர்ந்தே வருவதால், ஒரு தட்டு என்பதை ஒரு டசின் என்று மாணவர்கள் எழுதிவிடுவதுண்டு. டசின் உண்மையில் ஆட்சி செய்வது கொப்பி, பென்சில், கைக்குட்டை, தேநீர்க் கோப்பை, கண்ணாடிக் கிளாஸ், காப்பு ஆகியவற்றிலேதான். வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் கடை விரிக்கும் காப்பு வியாபாரிகளிடம் கண்ணாடிக் காப்பு கேட்டால், விலை பெரும்பாலும் டசினுக்கே சொல்லப்படும். அப்போது அரை டசினின் விலையையும் கேட்டுவிடுங்கள். அது எப்போதும் சரிபாதியாக இருப்பதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். டசின் விலையிலிருந்து ஒன்றின் விலையைக் காண, பன்னிரண்டால் நேரடியாகப் பிரிக்கத் தடுமாறுபவர்கள் இரண்டு முறை பாதியாக்கிவிட்டு மூன்றால் பிரிக்கலாம். ஒரு டசின் கொப்பி 1560 ரூபா என்றால், பாதி 780, அதன் பாதி 390, அதை மூன்றாகப் பிரித்தால் ஒரு கொப்பி 130 ரூபா. மறுபக்கமாக, ஒன்றின் விலையிலிருந்து டசின் விலையைக் காணப் பத்து மடங்கோடு இரண்டு மடங்கைக் கூட்டினால் போதும்: 85 ரூபாய்ப் பேனைக்கு 850 உடன் 170 சேர்ந்து 1020. இந்தப் பயிற்சி இப்போது முன்னரைவிட அவசியமாகிவிட்டது. ஏனெனில் பத்துப் பேனைகள் கொண்ட பெட்டியும் பன்னிரண்டு கொண்ட பெட்டியும் ஒரே அளவில், ஒரே தட்டில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பத்துக் கொண்டது 300 ரூபா, பன்னிரண்டு கொண்டது 348 ரூபா என்றால், பார்வைக்கு முதலாவது மலிவு. ஒன்றுக்கு 30, ஒன்றுக்கு 29 என்று இறக்கிப் பார்த்தால் இரண்டாவதே மலிவு.

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் மீதியை எழுதுவது. கணக்குப் புத்தகத்தில் ‘2.5 டசின்’ என்று ஒருவர் எழுதினால், அவர் இரண்டரை டசின் என்று கருதியிருக்கலாம்; அது முப்பது. இரண்டு டசினும் மேலதிகமாக ஐந்தும் என்று கருதியிருக்கலாம், அது இருபத்தொன்பது. ஒரு புள்ளி ஒரு பொருளை விழுங்கிவிடுகிறது. கல்குலேற்றரும் இங்கே உதவுவதில்லை: 29ஐப் பன்னிரண்டால் பிரித்தால் அது 2.4166 என்று காட்டும், அதைப் பார்த்து ‘இரண்டு டசினும் நான்கும்’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். புள்ளிக்கு முன்னுள்ள 2ஐக் கழித்துவிட்டு, எஞ்சிய 0.4166ஐ மீண்டும் பன்னிரண்டால் பெருக்குங்கள். ஐந்துக்கு மிக அண்மித்த எண் வரும், அதுவே மீதி. எழுதும்போது புள்ளியை முற்றாகத் தவிர்த்து, ‘2 டசின் 5; மொத்தம் 29’ என்று இரண்டு வடிவிலும் எழுதுவதே என் பரிந்துரை. ஏ9 வீதியில் பஸ்ஸில் ஏற்றி அனுப்பும் பொதியைப் பிரிப்பவர், அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைக்காமலே எண்ணிச் சரிபார்க்க இந்த ஒரு வரி போதும்.

பொத்தான் போன்ற சிறு பொருட்களுக்குக் குரோஸ் என்ற அளவும் உண்டு. அது பன்னிரண்டு டசின், அதாவது 144. விலைப்பட்டியலில் குரோஸ் என்பதைக் கண்டால் நூறு என்று எண்ணிவிடாதீர்கள். பேக்கரின் டசின் என்று ஆங்கிலத்தில் சொல்வது பதின்மூன்று. இங்கிலாந்தில் 13ஆம் நூற்றாண்டிலேயே பாணின் நிறைக்குச் சட்டம் இருந்தது. நிறை குறைந்தால் தண்டனை கிடைக்கும் என்ற அச்சத்தில் பாண் சுடுவோர் ஒன்றைக் கூட்டியே கொடுத்தனர் என்பதுதான் வழக்கமாகத் தரப்படும் விளக்கம். நம்மூர் வெதுப்பகத்தில் டசின் கேட்டால் பன்னிரண்டுதான் கிடைக்கும். அந்தத் தொடரை வாசிப்புக்காக மட்டும் அறிந்து வைத்திருங்கள்.

ஆங்கில இலக்கணத்தில் இச்சொல்லின் விதி எளிது, ஆனால் தமிழ் மனதுக்கு உடனே படியாது. முன்னால் திட்டமான எண் இருந்தால் டசின் பன்மையாகாது, அதற்குப் பின் ‘ஒஃப்’ வராது: ‘த்ரீ டசின் புக்ஸ்’ என்பதே சரி, ‘த்ரீ டசின்ஸ் ஒஃப் புக்ஸ்’ என்பது பிழை. ஹண்ட்ரட், தௌசண்ட் ஆகியவையும் இவ்வாறே நடப்பதால், இந்த விதியை ஒருமுறை படித்துக்கொண்டால் மூன்று சொற்களுக்கும் உதவும். ‘இந்த’, ‘அந்த’ என்று சுட்டிச் சொல்லும்போது மட்டும் ‘ஒஃப்’ நுழையும்: ‘டூ டசின் ஒஃப் தீஸ் புக்ஸ்’ என்றால், முன்னே உள்ள இந்தக் கொப்பிகளில் இரண்டு டசின். அரை டசினை ‘ஹாஃப் எ டசின்’ என்றும் ‘எ ஹாஃப் டசின்’ என்றும் எழுதலாம். இரண்டும் வழக்கில் உள்ளவை. ஒரு டசின் முட்டை என்று சொன்னாலும் பொருள் பன்மையாதலால் வினைச்சொல் ‘ஆர்’ என்றே வரும்.

முன்னால் எண் இல்லாமல், பன்மையாக, ‘ஒஃப்’ சேர்ந்து ‘டசின்ஸ் ஒஃப் பீப்பிள்’ என்று வந்தால், கணக்கு முடிந்துவிட்டது. பல பேர் என்பதே அதன் பொருள். தமிழ்ச் செய்திகளில் ‘டசின் கணக்கானோர்’ என்று வருவது இதன் வழியே வந்ததுதான். ‘பத்துப் பன்னிரண்டு பேர்’ என்று நாம் குத்துமதிப்பாகச் சொல்வதைவிட இது பெரிய கூட்டத்தைக் குறிக்கும். ‘பை த டசின்’ என்பது இரண்டு பக்கமும் நிற்கும்: கடையில் பன்னிரண்டு பன்னிரண்டாக, பேச்சில் ஏராளமாக.

மரபுத்தொடர்களில் மூன்றை அறிந்திருந்தால் போதும். ஒன்றில் ஆறு, மற்றதில் அரை டசின் என்று ஆங்கிலேயர் சொன்னால், இரண்டும் ஒன்றுதான், எதைத் தெரிவுசெய்தாலும் வேறுபாடில்லை என்று பொருள். டசினுக்குப் பத்தொன்பது என்று பேசுகிறார் என்றால், மூச்சு விடாமல் படபடவென்று பேசுகிறார். பத்துச் சதத்துக்கு ஒரு டசின் என்பது அமெரிக்க வழக்கு. எங்கும் மலிந்து கிடப்பது, பெறுமதியற்றது என்று கருத்து. இவற்றை விண்ணப்பங்களிலும் அலுவலகக் கடிதங்களிலும் எழுதாதீர்கள்.

கடிதம் என்றதும் ஒன்றை வலியுறுத்த வேண்டியிருக்கிறது. காட்டோரக் கிராமங்களில் யானை புகுந்து தென்னங்கன்றுகளை அழித்துவிட, நட்டஈடு கேட்டு எழுதும் கடிதம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாதிப்பின் கனத்தை உணர்த்தும் நோக்கில் அதில் ‘டசின்ஸ் ஒஃப் கோக்கனட் சீட்லிங்ஸ்’ என்று எழுதத் தோன்றும். எழுதியவருக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றினாலும், வாசிக்கும் அலுவலருக்கு அது கணக்கில் சேர்க்க முடியாத சொல். இருபத்தைந்தா, தொண்ணூறா என்பதை அவர் ஊகிக்க மாட்டார். அழிந்தவை 31 கன்றுகள் என்றால் 31 என்று இலக்கத்திலும் எழுத்திலும் எழுதுங்கள். ‘இரண்டரை டசினும் ஒன்றும்’ என்பது கணக்குப்படி சரியாயினும் இவ்விடத்துக்கு ஆகாது. எந்த நாள் இரவு, எத்தனை வயதுக் கன்றுகள், காணியின் எந்தப் பக்கம் என்பவற்றையும் அடுத்த வரியில் சேருங்கள். இடம் பார்க்க வருபவர் அடிக்கட்டைகளை எண்ணி, கடிதத்திலுள்ள எண்ணோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட முடியும்.