எக்செல்ல மல்லுக்கட்டுறவங்களுக்கு டேட்டாபேஸ்: எங்க ஆரம்பிக்கிறது?

யாருக்கு எந்த புக் கடன் குடுத்தோம்னு எக்செல்ல எழுதுனா ஒரே ஆள் பேரு பத்து எடத்துல வரும், அவரு போன் நம்பர் மாத்துனா பத்து எடத்துலயும் மாத்தணும், ஒண்ண விட்டாலும் போச்சு. இதுக்குத்தான் டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்: மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ், இல்ல காசில்லாம கெடைக்கிற லிப்ரேஆபிஸ் பேஸ்.

மொதல்ல பேப்பர்ல டேபிள் பிரிங்க: புக்ஸ், ஆளுங்க, கடன். ஒவ்வொரு வரியும் ரெக்கார்டு, மேலேர்ந்து கீழ போற ஒவ்வொரு பத்தியும் (column) ஃபீல்டு, அவ்ளோதான். புக்ஸ், ஆளுங்க, கடன் மூணுலயும் ஐடின்னு ஒரு ஃபீல்டு போட்டு ப்ரைமரி கீ (ஒவ்வொரு ரெக்கார்டையும் தனியா அடையாளம் காட்டுற ஃபீல்டு) ஆக்கிடுங்க, ஆட்டோநம்பர் குடுத்தா தானா எண் போட்டுக்கும். பேர கீயா வைக்காதீங்க, ஒரே பேர்ல ரெண்டு பேர் வந்தா மாட்டிக்குவீங்க. கடன் டேபிள்ல புக் ஐடி, ஆள் ஐடி, குடுத்த தேதி, திரும்பி வந்த தேதி போதும். இப்படி ஐடி வச்சு கோக்குறதுதான் ரிலேஷன்ஷிப், ஐபிஎம் கம்பெனில இருந்த எட்கர் காட் (Codd) 1970லயே எழுதுன ஐடியா.

போன் நம்பர டெக்ஸ்ட்டா வைங்க, நம்பர் டைப்னா முன்னாடி இருக்குற 0 காணாம போயிடும் (பட்டுத்தான் தெரிஞ்சுகிட்டேன்).

அப்புறம் க்வெரி, அதாவது டேபிள்கிட்ட கேக்குற கேள்வி. ஆக்சஸ்ல க்வெரிய அமைக்கிற டிசைன் வ்யூ போயி, திரும்பி வந்த தேதிக்கு கீழ க்ரைட்டீரியால (நிபந்தனை எழுதுற எடம்) 'Is Null'னு, அதாவது காலியா இருக்குன்னு, இங்கிலீஷ்ல அடிச்சு ரன் குடுங்க, இன்னும் புக்க திருப்பாதவங்க லிஸ்ட் வந்து நிக்கும்.