குரோஷாவில் கண்ணிகளைச் சீராகக் கூட்டவும் குறைக்கவும்

கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷாவில், ஒரு வரிசையில் கண்ணிகளை (நூல் வளையங்களாலான தையல்களை) கூட்ட வேண்டுமெனில், இருக்கும் கண்ணிகளைக் கூட்டவேண்டிய எண்ணால் வகுத்துக்கொள்ள வேண்டும். 48 கண்ணிகளில் 6 கூட்டுவதற்கு, 7 கண்ணிகளை வழக்கம்போல் பின்னி, எட்டாவதில் இரண்டு பின்னி, இதையே 6 முறை செய்தால் 54 கிடைக்கும். 6 குறைப்பதற்கு, 6 கண்ணிகளைப் பின்னியபின் அடுத்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பின்ன, 42 மிஞ்சும்.

வகுக்கும்போது மீதி வந்தால் அதைக் கடைசியில் குவிக்காமல், வகுத்துக் கிடைத்த பகுதிகளில் சிலவற்றுக்கு ஒவ்வொரு கண்ணியாகப் பகிர்ந்தளிப்பதே நல்லது. 50 கண்ணிகளில் 6 கூட்டும்போது இரண்டு பகுதிகள் 9 கண்ணிகளும் மற்றவை எட்டும் கொண்டிருக்கும். வட்டமாகப் பின்னுகையில், ஒவ்வொரு சுற்றிலும் 6 கூட்டல்களும் முந்தையவற்றுக்கு நேர்மேலாக அமைந்தால் வட்டம் மூலைகளுடன் அறுகோணமாகிவிடும் என்பதால், ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றைப் பகுதியின் நடுவிலிருந்து தொடங்குவதை வற்புறுத்திச் சொல்வேன்.