ட்ரோய் முதல் உரோம் வரை: அரச வம்சாவளியைப் பிழையில்லாமல் வரைவது எப்படி?

க.பொ.த. உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகம் எடுக்கிற பிள்ளைகள் முதலில் தடுமாறுவது பெயர்களில்தான். யார் யாருடைய மகன், எந்த வழியால் அரசனானான் என்பதைப் பாடமாக்கி வைப்பதைவிட, ஒரு தரம் ஒழுங்காக வரைந்து பார்ப்பது நல்லது.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியாக வருவது. அதைக் கேட்டு வளர்ந்தவருக்கு, பெண்களை விட்டுவிட்டு வம்சம் வரையாதே என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. கிரேக்கக் கதைகளில் தகப்பன் பெயர்தான் முன்னுக்கு நிற்கும். சிம்மாசனமோ பல இடங்களில் மனைவி வழியாகத்தான் வந்து சேரும். மெனலாவோஸுக்கு ஸ்பார்ட்டா கிடைத்தது ஹெலனைக் கட்டியதால். ஈடிப்பஸுக்குத் தீப்ஸ் நகர் கிடைத்தது யொகாஸ்டாவைக் கட்டியபோது. ஆகவே ஒவ்வோர் அரசனின் பெட்டிக்குப் பக்கத்திலும் தாய், மனைவி இருவருக்கும் இடம் விடுங்கள்.

ஒரு வம்சத்துக்கு ஒரு ஏ4 தாள் போதும். எல்லாவற்றையும் ஒரே பிறிஸ்டல் போட்டில் அடைக்கப் போனால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி, கடைசியில் உங்களுக்கே விளங்காது. முதலில் பென்சிலால் வரையுங்கள். இரத்த உறவுக்கு ஒற்றைக் கோடு, திருமணத்துக்கு இரட்டைக் கோடு, நூலாசிரியர்கள் முரண்படுகிற இடத்துக்குப் புள்ளிக் கோடு. ஆட்சி செய்தவரின் பெயருக்கு மேலே வட்டத்துக்குள் இலக்கம் போடுங்கள். தலைமுறை வரிசையும் ஆட்சி வரிசையும் ஒன்றாக வராது. தீப்ஸில், நகரை நிறுவிய கத்மஸின் மகன் பொலிடோரஸ் இருக்க, மகள் அகாவேயின் மகன் பென்தியூஸ் கையில் ஆட்சி போகும் கதையும் உண்டு.

ட்ரோயில் தொடங்குவதுதான் இலேசு. ஹோமரின் இலியட் காவியத்தின் 20ஆம் பாகத்தில் ட்ரோய் வீரன் ஈனியஸே தன் வம்சத்தை வரிசையாகச் சொல்கிறான்: தார்தனஸ், எரிக்தோனியஸ், ட்ரோஸ். ட்ரோஸுக்கு ஈலஸ், அசராக்கஸ், கனிமீட் என்று மூன்று மகன்மார். ஈலஸின் கிளை லாவோமெடோன், பிரியம், ஹெக்டர் என்று இறங்கும். அசராக்கஸின் கிளை காப்பிஸ், அன்கைசீஸ், ஈனியஸ் என்று இறங்கும். ஆக 7 தலைமுறை. ஒன்றுக்கு 3.5 செ.மீ. வைத்தால் 24.5 செ.மீ.; நெடுக்காக வைத்த 29.7 செ.மீ. தாளில் தலைப்புக்கும் குறி விளக்கத்துக்கும் மிச்சம் 5 செ.மீ. இருக்கும். 4 செ.மீ. வைத்தால் தலைப்புக்கு இடம் போதாது. தார்தனஸின் தகப்பன் சியூஸ் கடவுளுக்குத் தனி வரி வேண்டாம். பெட்டியின் ஓரத்தில் சிறிதாக எழுதினால் காணும்.

பிரியமுக்கு 50 மகன்மார் என்று ஹோமர் சொல்கிறார். அத்தனை பேரையும் எழுதப் போகாதீர்கள். ஹெக்டர், பாரிஸ், மகள்மாரில் கசாண்ட்ரா, கிரியூசா போதும். மற்றவர்களுக்கு ஒரு பொதுப் பெட்டி. கிரியூசாவை மட்டும் ஈனியஸுக்குப் பக்கத்தில் வருமாறு ஓரத்தில் வையுங்கள். உரோமக் கவிஞர் வேர்ஜில் சொல்லும் கதையில் அவள் ஈனியஸின் மனைவி. பிரிந்த இரண்டு கிளைகளும் அங்கே திரும்பக் கூடுகின்றன. அவளை நடுவில் எழுதினால் திருமணக் கோடு ஹெக்டரையும் பாரிஸையும் வெட்டிக்கொண்டு போகும்.

தீப்ஸ் தாளில் எல்லோரும் பிழைவிடுகிற இடம் ஈடிப்பஸ். யொகாஸ்டா அவனுக்குத் தாயும் மனைவியும். அவளை இரண்டு பெட்டியில் எழுதினால் இரண்டு பெண்கள் என்றாகிவிடும். ஈடிப்பஸின் தகப்பன் லையஸின் வரியில் ஒரே பெட்டியில் வைத்து, ஒற்றைக் கோட்டை ஈடிப்பஸுக்கு இறக்கி, அவனிடமிருந்து இரட்டைக் கோட்டைச் சரிவாக மேலே கொண்டுபோய் அவளோடு சேருங்கள். எத்தியோக்ளிஸ், பொலினைசீஸ், அன்ரிகனி, இஸ்மீனி நால்வரும் ஈடிப்பஸுக்குக் கீழ்வரியில் வருவார்கள். ஆர்கோஸ் வம்சத்தில் தையெஸ்டீஸ், அவன் மகள் பெலோப்பியா, அவர்களுடைய மகன் ஏகிஸ்தஸ் என்ற முடிச்சுக்கும் இதே முறைதான்.

ஒரே பெயர் திரும்பி வந்தால் இலக்கமிடுங்கள். தார்தனஸின் தாய் எலெக்ட்ரா வேறு, அகமெம்னனின் மகள் எலெக்ட்ரா வேறு. தீப்ஸிலும் ஒரு கிரியோன், கொரிந்திலும் ஒரு கிரியோன்.

ஈனியஸிலிருந்து, அவன் வழிவந்து உரோமை நிறுவியதாகச் சொல்லப்படும் ரொமியூலஸுக்கு நேராகக் கோடு போடவே கூடாது. ட்ரோய் விழுந்தது கி.மு. 1184 என்பது கிரேக்க அறிஞர் எரதோஸ்தனிஸின் கணக்கு. உரோம் பிறந்தது கி.மு. 753 என்பது உரோம அறிஞர் வாரோவின் கணக்கு. இடையில் 431 வருடம். அந்த இடைவெளியை நிரப்பத்தான் அல்பா லொங்கா என்ற பழைய நகரின் அரசர் வரிசை வந்தது. அதன் தலையில் நிற்கும் சில்வியஸ், வேர்ஜிலிடம் ஈனியஸின் மகன், வரலாற்றாசிரியர் லிவியிடம் பேரன். இரண்டையும் புள்ளிக் கோட்டால் காட்டுங்கள். அடியில் நுமிட்டோர், அவன் மகள் ரேயா சில்வியா, அவள் பிள்ளைகள் ரொமியூலஸும் ரீமஸும்.

உரோமின் ஏழு அரசர்களைத் தகப்பன்–மகன் ஏணியாக வரைந்தால் முழுவதும் பிழை. நூமா தெரிவு செய்யப்பட்டவன். அங்கஸ் மார்சியஸ் நூமாவின் மகள் வழிப் பேரன். சேர்வியஸ் துலியஸ், ஐந்தாவது அரசனான முதல் தார்க்வினின் மகளைக் கட்டிய மருமகன். கடைசி அரசன் தார்க்வின் சுபர்பஸ், சேர்வியஸின் மகளைக் கட்டிய மருமகன். இவன் முதல் தார்க்வினின் மகனா பேரனா என்பதில் பழைய ஆசிரியர்களே ஒத்துப்போகவில்லை. முதல் தார்க்வின் இறந்தது கி.மு. 578, சுபர்பஸ் துரத்தப்பட்டது கி.மு. 509, மகன் என்று வைத்தால் வயது இடிக்கிறது. அதனால் இருவருக்கும் நடுவில் ஒரு வெற்றுப் பெட்டி விட்டுப் புள்ளிக் கோடு போடுவதே சரி.

அந்தத் தாளில் சுபர்பஸின் சகோதரி தார்க்வினியாவையும் மறக்காமல் எழுதுங்கள். அரசனைத் துரத்திய புரூட்டஸ் அவளுடைய மகன். தகப்பன் வழிக் கோடுகளை மட்டும் வரைந்தவரின் தாளில் அவன் யாரோ ஓர் அந்நியனாகத்தான் தெரிவான்.